கோப்பு கண் முன்னால் இருக்கிறது, புரோகிராமுக்கு மட்டும் தெரியவில்லை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஆச்சி ஒருவருக்காகப் பைத்தானில் பில் போடும் புரோகிராம் எழுதியிருக்கிறார். கடைப் பெயர், தள்ளுபடி, பில்களைச் சேமிக்கும் ஃபோல்டர் எல்லாம் செட்டிங்ஸ்.ஐஎன்ஐ என்ற கோப்பில் இருக்கின்றன. வீட்டில் உபுண்டு லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பட்டறையில் இருப்பது விண்டோஸ். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாகவே தொடங்கட்டும் என்று டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவைத்தாராம். அங்கே மட்டும், ‘கடை’ என்ற பகுதியே இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே சதுர அடைப்புக்குள் ‘கடை’ இருக்கிறது. மூன்று தடவை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டியிருக்கிறார், பைத்தானையே நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டார்.

தம்பி, அந்தக் கோப்பில் இனிக் கை வைக்காதீர்கள். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் கோப்பை உங்கள் புரோகிராம் இதுவரை திறக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஐஎன்ஐ கோப்புகளைப் படித்துத் தரும் பைத்தானின் கான்ஃபிக்பார்சருக்கு ஒரு குணம் உண்டு. அதன் ‘ரீட்’ கட்டளைக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து, அந்தக் கோப்பு கிடைக்காவிட்டால், அது பிழை எதுவும் சொல்லாது. சத்தம் போடாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பல இடங்களில் தேடி, இருப்பதை மட்டும் படிக்கட்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம் நீங்கள் ‘கடை’ பகுதியைக் கேட்கும்போது அதன் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் ‘அப்படி ஒரு பகுதி இல்லை’ என்கிறது. தவறு நடந்தது ஒரு வரியில், புலம்பல் வருவது இன்னொரு வரியில். நாம் புலம்பல் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ‘ரீட்’ ஒரு விடையைத் திருப்பித் தரும்: வெற்றிகரமாகப் படித்த கோப்புகளின் பட்டியல். அதை அச்சிட்டுப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் கோப்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கூடவே ஓஎஸ் மாட்யூலில் உள்ள ‘கெட்சிடபிள்யூடி’யையும் அச்சிடுங்கள். புரோகிராம் இப்போது எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டிருக்கிறது என்பதை அது சொல்லும். ஷெட்யூலரில் ஓடும்போது திரையில் ஒன்றும் நிற்காது என்பதால், இந்த இரண்டு விடைகளையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கோப்புக்கு டி டிரைவிலிருந்து தொடங்கும் முழு முகவரியையும் கொடுங்கள். இல்லையென்றால் அதையும் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

புரோகிராம் நிற்கும் ஃபோல்டர் என்பது என்ன? நம் செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போனால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். ‘உள்ளே வந்ததும் வலது கைப் பக்கம் இரண்டாவது அறையில் பெட்டி இருக்கிறது’ என்று ஒருவரிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். முகப்பு வழியாக வந்தவர் பெட்டியை எடுத்துவிடுவார். பின்தெருவிலிருந்து வந்தவர் அதே சொல்லைக் கேட்டுக்கொண்டு விறகு அறையில் போய் நிற்பார். சொன்னதும் சரி, பெட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நுழைந்த வாசல்தான் வேறு.

வெறுமனே ‘செட்டிங்ஸ்.ஐஎன்ஐ’ என்று எழுதினால் அது ‘நான் நிற்கும் இடத்தில் இருக்கும் செட்டிங்ஸ்’ என்று பொருள்படும். புரோகிராம் குடியிருக்கும் ஃபோல்டருக்கும் அது நிற்கும் ஃபோல்டருக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டில் எடிட்டரில் ஃபோல்டரைத் திறந்துவைத்து ஓட்டினீர்கள், அதனால் இரண்டும் ஒன்றாக இருந்தன. டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ என்ற பெட்டியைக் காலியாக விட்டால், புரோகிராம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும். உங்கள் செட்டிங்ஸை அது அங்கேதான் தேடியிருக்கும். லினக்ஸிலும் இதே கதைதான்: குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் வழியாக ஓடினால் பயனரின் ஹோம் ஃபோல்டர், பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக ஓடினால், வேறு ஏதும் சொல்லாதவரை, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட்.

‘ஸ்டார்ட் இன்’ பெட்டியை நிரப்பினாலே இன்றைய பிரச்சினை தீர்ந்துவிடும். நிரப்பும்போது முகவரியைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். மற்றப் பெட்டிகளில் அது செல்லும், இந்தப் பெட்டியில் செல்லாது. ஆனால் நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளைக்கு வேறு யாராவது கம்ப்யூட்டரை மாற்றும்போது அந்தப் பெட்டியை நிரப்ப மறந்துவிடுவார்கள். புரோகிராமுக்குள்ளேயே, ‘நான் எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறேன்’ என்று கண்டுபிடித்து, அங்கிருந்து முழு முகவரியைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பைத்தானில் இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு போட்ட ‘ஃபைல்’ என்ற மாறியும், பாத்லிப் மாட்யூலும் இதற்காகவே இருக்கின்றன. பின்னால் பைஇன்ஸ்டாலரில் ஒரே இஎக்ஸ்இ கோப்பாகக் கட்டினால் மட்டும் கவனம் தேவை. அது ஓடும்போது தன் மூட்டையைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் அவிழ்த்துக்கொள்ளும், ‘ஃபைல்’ மாறியும் அந்த இடத்தையே காட்டும். அப்போது சிஸ் மாட்யூலின் ‘எக்ஸிகியூட்டபிள்’ சொல்லும் முகவரியைப் பிடியுங்கள்.

இதைச் சரிசெய்ததும் ‘கடை இல்லை’ என்ற பிழை போய்விடும். உடனே இன்னொன்று வரும். இப்போதே சொல்லிவைக்கிறேன், வந்ததும் பயந்து பழையபடி மாற்றிவிடாதீர்கள். ‘சார்மேப் கோடெக்கால் 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை, இடம் 26’ என்ற மாதிரி ஒரு செய்தி. முந்தைய பிழையைவிட இது நல்ல செய்தி. கோப்பைத் திறந்துவிட்டது, படிக்கத் தொடங்கியும்விட்டது, 26 பைட் தாண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 8டி (பதினாறு அடிமான எண்ணாக எழுதிய ஒரு பைட்) என்னவென்று பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அது நம் மொழி சம்பந்தப்பட்ட விஷயம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஈ0. இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். மூன்றாவதுதான் எந்தக் குறி என்பதைச் சொல்கிறது. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு ஈ0, ஏஎஃப், 8டி என்ற மூன்றும். நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் புள்ளி என்றால் கோயில் வரிக்குக் கணக்கெடுக்கும் குடும்பம். இது எழுத்தின் புள்ளி, ஆனாலும் இதை விட்டுவிட்டுக் கணக்கு ஓடாது.

உபுண்டுவில் பைத்தான் எதையும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் விற்கும் ஆங்கில விண்டோஸில், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பைத்தான் 3-இன் 3.14 வரையிலான பதிப்புகள் சிபி1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையைக் கையில் எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் 5 இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. புள்ளி 8டியில் முடிகிறது. உகரக் குறியான ‘ு’ 81இல் முடிகிறது. ‘ஏ’ 8எஃப்பில், ‘ஐ’ 90இல். இவற்றில் ஒன்று வந்தாலும் அது நின்றுவிடும்.

உங்கள் கோப்பின் முதல் வரி ‘கடை’. அதில் புள்ளியும் இல்லை, உகரக் குறியும் இல்லை, அதனால் தப்பித்துவிடும். இரண்டாவது வரி ‘பெயர்’ என்று தொடங்குகிறது. எண்ணிப் பாருங்கள்: முதல் அடைப்புக்குறி பூஜ்யம், ‘கடை’க்கு 9 பைட், மூடும் அடைப்புக்குறி 10, வரி முடிவு 11, அப்புறம் ப, ஒற்றைக் கொம்பு, ய, ர ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று. ‘ர்’ மேல் இருக்கும் புள்ளியின் கடைசி பைட் சரியாக 26இல் வந்து விழுகிறது. கோப்பை விண்டோஸில் சேமித்திருந்தால் வரி முடிவுக்கு ஒரு பைட் கூடுதல், எனவே 27 என்று காட்டும். பிழைச் செய்தியில் வரும் எண்ணை யாரும் படிப்பதே இல்லை. இப்படிப் படித்தால் எந்த எழுத்தில் இடித்தது என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

பிழை வராத சொற்கள் இன்னும் ஆபத்தானவை. ‘காரைக்குடி’ என்றால் ‘க்’ வந்ததும் நின்றுவிடும். வெறும் ‘காரை’ என்றால் நிற்காது. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாகப் படித்துக்கொண்டு, அதையே பில்லிலும் அச்சடித்துவிடும்.

மருந்து எளிது. ‘ரீட்’ கட்டளையில் என்கோடிங் என்ற இடத்தில் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று குறிப்பிடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 போதாதா என்றால், பட்டறையில் யாராவது நோட்பேடில் திறந்து திருத்துவார்களே, அதற்காகத்தான். விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால், கோப்பின் தலையில் ஈஎஃப், பிபி, பிஎஃப் என்ற மூன்று பைட்டுகளை அது ஒட்டிவிடும். திரையில் தெரியாது. சதுர அடைப்புக்குறிக்கு முன்னால் அவை உட்கார்ந்திருப்பதால், ‘பகுதித் தலைப்பே இல்லை’ என்று பார்சர் மறுத்துவிடும். ‘சிக்’ சேர்த்தால் அந்த மூன்று பைட்டும் இருந்தாலும் படிக்கும், இல்லாவிட்டாலும் படிக்கும்.

இன்னொரு யோசனை. மதிப்புகளைத் தமிழில் வையுங்கள், ‘பெயர்’, ‘தொகை’ என்று சமக் குறிக்கு முன்னால் வரும் சாவிச் சொற்களை ஆங்கிலச் சிறு எழுத்தில் வையுங்கள். தமிழ் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ‘தொகை’யின் ‘தொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, புரோகிராமுக்கு இரண்டும் வேறு. தட்டச்சுக் கருவியைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைசேஷன் செய்து இதைச் சமாளிக்கலாம், ஆனால் ஒரு சாவிச் சொல்லுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

சரி, உங்கள் கோப்பில் நான் பார்த்த இன்னொன்று: ‘தள்ளுபடி = 10%’. கோப்பைப் படிக்கும்போது இது சத்தம் காட்டாது, தள்ளுபடியைக் கேட்கும் நொடியில் வெடிக்கும். கான்ஃபிக்பார்சருக்கு விழுக்காட்டுக் குறி என்றால் ‘இங்கே வேறொரு மதிப்பைக் கொண்டுவந்து செருகு’ என்று பொருள். வெறும் 10 என்று எழுதுங்கள், அல்லது பார்சரை உருவாக்கும்போதே இப்படிச் செருகும் வேலை (இன்டர்போலேஷன்) வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நண்பர் ஒருவர் ஐஎன்ஐயை விட்டுவிட்டு ஜேசன் என்ற இன்னொரு கோப்பு வடிவத்துக்கு மாறச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு மாறாதீர்கள். உங்கள் பில் ஃபோல்டர் டி டிரைவில் டைல்ஸ், அதற்குள் பில்ஸ். இதைப் பின்சாய்வுக்கோடு போட்டு ஜேசனில் அப்படியே எழுதினால், கோட்டையும் ‘டைல்ஸ்’ என்பதன் முதல் ஆங்கில எழுத்தையும் சேர்த்து டேப் என்று எடுத்துக்கொள்ளும், அடுத்த கோட்டையும் ‘பில்ஸ்’ என்பதன் முதல் எழுத்தையும் சேர்த்து பேக்ஸ்பேஸ் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே ஜேசனில் முறையான குறிகள், அதனால் பிழை வராது. ஃபோல்டர் மட்டும் கிடைக்காது. ஃபோல்டருக்கு ஆத்தங்குடி என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் ‘ஏ’ முறையற்ற குறி என்று உடனே கத்தியிருக்கும், நமக்கும் வேலை மிச்சம். ஜேசனில் எழுதியே ஆக வேண்டுமென்றால் கோட்டை இரண்டாகப் போடுங்கள், அல்லது முன்சாய்வுக்கோடு போடுங்கள். விண்டோஸில் பைத்தான் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

இதுவரை சொன்னது நாமே எழுதிய புரோகிராமுக்கு. அடுத்தவர் எழுதியது, உள்ளே எட்டிப் பார்க்க முடியாதது என்றால்? அப்போதும் கேள்வி அதேதான்: எந்தக் கோப்பைத் திறக்கிறாய்? புரோகிராம் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸிடம் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டர் என்ற கருவியை ஓட்டி, புரோகிராமின் பெயரை ஃபில்டராகக் கொடுத்தால், அது தட்டிய ஒவ்வொரு கதவும் வரிசையாக வரும். ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்றால் அந்த முகவரியில் கோப்பு இல்லை. ‘ஆக்சஸ் டினைட்’ என்றால் இருக்கிறது, அனுமதி இல்லை. லினக்ஸில் எஸ்ட்ரேஸ் இதே வேலையைச் செய்யும், அதில் ‘ஈநோயன்ட்’ என்று வந்தால் இல்லை, ‘ஈஆக்சஸ்’ என்று வந்தால் அனுமதி இல்லை.

தேவகோட்டையில் ஒரு மளிகைக் கடையில் எனக்கு இந்தக் கருவிதான் கைகொடுத்தது. பழைய கணக்கு மென்பொருள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருந்த அதன் ஐஎன்ஐ கோப்பில் பிரிண்டரின் பெயரை மாற்றினேன், சேமித்தேன், திறந்தும் பார்த்தேன், மாற்றம் இருந்தது. மென்பொருள் மட்டும் பழைய பிரிண்டருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க அந்தக் கோப்பையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ப்ராசஸ் மானிட்டரை ஓட்டினால், அது படித்துக்கொண்டிருந்தது பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் இருந்த இன்னொரு பிரதி. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் இப்படிச் செய்கிறது: பழைய 32-பிட் மென்பொருள்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால் தடுப்பதற்குப் பதிலாக, பயனரின் பக்கத்தில் ஒரு பிரதியை வைத்து அதில் எழுத விடுகிறது. அடுத்த முறை படிப்பதும் அந்தப் பிரதியைத்தான். நான் அட்மினாகத் திருத்தியது மூலத்தை. பிரதியை அழித்ததும் புதிய பிரிண்டரில் பில் வந்தது. அன்றிலிருந்துதான் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதற்கு முன் முகவரியைக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது.

பெயரையும் ஒரு தடவை சரிபாருங்கள். வலது கிளிக் செய்து புதிய டெக்ஸ்ட் கோப்பை உருவாக்கி, அதற்கு செட்டிங்ஸ்.ஐஎன்ஐ என்று பெயர் மாற்றினால், விண்டோஸ் நீட்டிப்புகளை மறைத்துவைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அதன் உண்மைப் பெயர் செட்டிங்ஸ்.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி. மூன்று முறை அழித்துப் புதிதாக உருவாக்கியதாகச் சொல்கிறீர்கள், அதில் ஒரு முறையாவது இது நடந்திருக்க வாய்ப்பு உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ‘டிஐஆர்’ கொடுத்தால் முழுப் பெயரும் தெரிந்துவிடும். நெட்வொர்க்கில் இணைத்த இசட் டிரைவில் கோப்பு இருந்தால், யாரும் லாக்இன் செய்யாதபோதும் ஓடும்படி அமைத்த பணிக்கு அந்த டிரைவே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாகக் கரண்ட். உங்கள் புரோகிராம் அடுத்த பில் எண்ணையும் இதே கோப்பில் எழுதுகிறது என்று சொன்னீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பூஜ்ய பைட்டாகிவிடலாம். சில சமயம் அளவு சரியாகவே இருக்கும், உள்ளே அத்தனையும் பூஜ்யமாக இருக்கும். வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை தன் ஃபோல்டர் கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளும், கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை. எனவே பில் எண்ணை வேறு கோப்புக்கு மாற்றுங்கள். எழுதும்போது முதலில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, எஃப்சிங்க் கொடுத்து வட்டில் இறக்கிவிட்டு, அப்புறம் ஓஎஸ் மாட்யூலின் ‘ரீப்ளேஸ்’ வழியாகப் பெயரை மாற்றுங்கள். பாதியில் நின்றாலும் பழைய கோப்பு அப்படியே இருக்கும். பட்டறையில் ஒரு டைல்ஸ் கண்ணாடியின் மேல் காய்ந்து இறுகுவதற்கு முன் யாரும் அதை எடுத்து அடுக்க மாட்டார்களே, அந்த மாதிரி.

இதையெல்லாம் முடித்ததும் புரோகிராமின் தொடக்கத்தில் ஒரு சோதனை வையுங்கள். ‘ரீட்’ தந்த பட்டியல் காலியென்றால் அங்கேயே நின்று, ‘இந்த முகவரியில் தேடினேன், கிடைக்கவில்லை’ என்று முழு முகவரியோடு தமிழில் சொல்லட்டும். ஆச்சி உங்களுக்குப் போன் செய்யும்போது அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினால் போதும், நீங்கள் காரைக்குடியிலிருந்து வண்டி எடுக்க வேண்டியிருக்காது.

நாளைக் காலையில் பட்டறை கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், கெட்சிடபிள்யூடியும் ‘ரீட்’டும் என்ன சொன்னன என்று அந்த டெக்ஸ்ட் கோப்பைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். சிஸ்டம்32 என்றும் காலிப் பட்டியல் என்றும் வந்தால், முகவரியைக் கட்டும் வரியை மட்டும் முதலில் மாற்றுங்கள். 26 அல்லது 27 என்ற எண் அதற்கு அடுத்துத்தான் வரும்.